குறையாத டப்பா

டாலியா முகம் சுளிக்காமல் பால் குடித்த அன்று, நெய்லி, ஊரைக் காக்கும் சினிதா மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். பட்டப்பகலில் மெழுகுவத்தியைக் கரைப்பது அந்த வருஷம் மரகைபோவில் யாரும் துணியாத ஊதாரித்தனம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மாதாவுக்கே தெரியாது. வீட்டில் இருந்தது அந்த ஒரு மெழுகுவத்திதான். இருந்தாலும் ஏற்றினாள். நாலு மாதக் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தத்துக்கு அதைவிடக் குறைவாக என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பால் அப்படிப்பட்டது. முதல் நாள் நெய்லி நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அவித்த உருளைக்கிழங்குத் தோலையும் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்து அரைத்தது போல ஒரு கசப்பு. டாலியா தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பாதியைத் துப்பி, பாதியை அழுகையோடு விழுங்குவாள். ஒரு புட்டி உள்ளே போவதற்குள் தாய்க்கும் பிள்ளைக்கும் வேர்த்துக் கொட்டிவிடும்.

தாய்ப்பால் இல்லை. பிரசவத்தில் கிழித்த இடம் சீழ்பிடித்து, நெய்லி காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது மார்பு வற்றிவிட்டது. மாதாமாதம் அரசாங்கப் பெட்டியில் அரிசி, மாவு, எண்ணெயோடு பால் பவுடரும் வரும். ஊர்க் குழந்தைகள் எல்லாம் அதைத்தான் குடித்தன. டாலியா அதைக் குடித்த முதல் தடவையே உதடு தேனீ கொட்டினது போல வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாய்ச் சிவந்து, மூச்சு இழுத்தது. பேட்டை மருத்துவ நிலையத்தில் டாக்டர் ப்ரிசேனோ ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்.

"பசும்பால் இவ உடம்புக்கு விஷம் மாதிரி. வேற பால் இருக்கு. அதுவும் பசும்பால்தான், ஆனா உடம்புக்கு அடையாளமே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னதா உடைச்சது. அது மட்டும்தான் கொடுக்கணும். இங்க கிடைக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம் போனா கிடைக்கலாம்" என்றார் டாக்டர்.

நெய்லி அதை வீட்டில் வந்து சொன்னபோது ரிக்சியோ சிரித்தான். "உடைச்ச பாலா? கல்லு உடைக்கிற மாதிரியா?" சிரித்துவிட்டு, மறுநாளே லாரியில் தொற்றிக்கொண்டு எல்லைக்கு அப்பால் மைக்காவ் போனான். அவன் ஏசி மெக்கானிக். கரண்டே இல்லாத ஊரில் ஏசி மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று தெருவே கேலி பேசும். ஆனாலும் அந்தக் கருவிப் பெட்டியை அவன் தினமும் துடைத்து வைப்பான். மைக்காவிலிருந்து திரும்பி வந்தபோது கையில் கருவிப் பெட்டி இல்லை, ஒரு பெரிய டப்பா இருந்தது. கண்ணிமையெல்லாம் புழுதி. "பாரு கண்ணு, உடைச்ச பால்" என்றான்.

நெய்லி அவனைக் காதலித்ததே இப்படி ஒரு நாளில்தான். மாமன் மகள் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு கேக் வந்திருந்தது. ஆட்கள் அறுபது பேர். பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, யாரென்றே தெரியாத ஒருத்தன் கத்தியை எடுத்து, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, கேக்குக்கு நடுவில் அடுக்கி, எல்லோருக்கும் வரும்படி செய்துவிட்டான். கடைசித் துண்டை அவளிடம் நீட்டினான். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

எதையும் நீட்டிக் கொடுக்கும் கை அது. தட்டுப்பாடு வந்த பிறகு அந்தக் கைக்குத் தெருவில் தனி மவுசு. பட்டாணியைக் கருக வறுத்துக் காப்பிப் பொடியில் சேர்ப்பான். சோள மாவில் அவித்த மரவள்ளியைப் பிசைந்து, நாலு பேருக்கான அரேப்பா ரொட்டியை எட்டுப் பேருக்குச் சுடுவான். வறுத்த எண்ணெயில் சோப்புக் காய்ச்சுவான்.

"டேய் ரிக்சியோ, நீ தண்ணியிலயே தண்ணி ஊத்திப் பெருக்குற ஆளுடா" என்பாள் பக்கத்து வீட்டு ஒமைரா. வயது ஐம்பது, வாய் நூறு. டாலியாவுக்கு ஞானத்தாய் அவள்தான் என்று பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது.

"உன் வாயை மட்டும் நீட்ட வேண்டியதில்ல ஒமைராக்கா, அது ஏற்கெனவே ஏரிக்கு அக்கரை வரைக்கும் நீளுது" என்பான் அவன்.

டப்பாப் பால் தொடங்கியதும் டாலியாவின் தோல் தெளிந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அதற்கு அப்புறம்தான், ஒரு நாள், முகம் சுளிக்காமல் குடித்தாள். நெய்லி மெழுகுவத்தி ஏற்றினாள். ரிக்சியோ வாசல்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பழகிட்டா" என்றான். "பிள்ளை பழகிட்டா, கண்ணு."

டப்பாவில் பவுடரும் இறங்கவில்லை. கரண்டியை விடும்போதெல்லாம் அடி தட்டுமோ என்று பயந்துகொண்டே விடுவாள், தட்டாது. இதை ஒமைராவிடம் சொன்னாள்.

"மாதாதான் நிரப்புறாங்க போல இருக்கு அக்கா."

"நிரப்பட்டும் நிரப்பட்டும். அப்படியே கரண்டையும் கொஞ்சம் விடச் சொல்லு. என் ஃப்ரிட்ஜ்ல செருப்புதான் வச்சிருக்கேன்."

அந்த வாரக் கடைசியில் டாலியாவின் வாயைச் சுற்றி முதல் சிவப்பு தெரிந்தது.

நெய்லி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்க வைத்தாள். புட்டியை இரண்டு தரம் கழுவினாள். ரிக்சியோ காய்ச்சிய சோப்பைத் தூக்கி எறிந்தாள். ஒமைராவின் முகப்பவுடர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று அவளைப் பிள்ளையைத் தூக்கவே விடவில்லை. பால் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. உலகத்தில் அவள் நம்பியது அந்த டப்பா ஒன்றைத்தான். துணியில் மலத்தோடு ரத்தம் கோடு கோடாய்க் கலந்து வந்த நாளிலும், 'பாவம், உடம்பு பலவீனமாய்ப் போச்சு' என்று அரைக் கரண்டி கூடுதலாய்ப் போட்டுக் கலக்கினாள்.

"சூடு. இந்த வெயில்ல எனக்கே கொப்பளிக்குது" என்பான் ரிக்சியோ. ஈரத் துணியால் டாலியாவின் முதுகை ஒற்றி ஒற்றிப் பாடுவான். அவனுக்கும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

ஒமைரா கருப்பு மணி கோத்த கயிறு ஒன்றைக் கொண்டு வந்து பிள்ளை மணிக்கட்டில் கட்டினாள். "கண்ணு பட்டிருக்குடி. ஊரே சுண்டிப்போய்க் கிடக்கும்போது உன் பிள்ளை மட்டும் கன்னம் வச்சா படாதா?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தலையில தண்ணியாவது ஊத்திடலாம் நெய்லி. கோயில் ஞானஸ்நானம் அப்புறம் இருக்கட்டும். வீட்டுத் தண்ணி ஊத்தாத பிள்ளைக்குக் காவல் இல்லடி" என்றாள்.

எல்லா வீட்டிலும் பிள்ளை பிறந்த சில வாரத்தில் செய்வதுதான். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஞானத்தாய் கை. லிமாவுக்குப் பிழைக்கப் போன தன் தம்பி நெரியோதான் ஞானத்தகப்பன், அவன் வந்ததும் ஊற்றலாம் என்று ரிக்சியோ தள்ளிப்போட்டு வந்தான். இப்போது நெய்லிதான் மறுத்தாள். சாகக் கிடக்கும் பிள்ளைக்கும் அவசரமாய் ஊற்றுவது அதே தண்ணீர்தான். இப்போது சரியென்றால் எதற்குச் சரியென்று சொன்னதாகும்?

அன்று மத்தியானம் டாலியா புட்டியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். ஏப்பம் விட்டாள். சிரித்தாள் என்றுகூட நெய்லி பிற்பாடு நினைத்துக்கொண்டாள். தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தபோது கழுத்தில் ஏதோ சூடாக உரசியது. எடுத்துப் பார்த்தால் பிள்ளையின் முகம் முகமாக இல்லை. உதடு இரண்டும் உப்பி வெளியே தள்ளியிருந்தன. கண் கோடாகிவிட்டது. மார்புக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. அழ முயன்றாள், விசில் போல ஒரு சத்தம்தான் வந்தது.

"ரிக்சியோ!"

அவன் ஓடிவந்து பார்த்தான். சட்டைகூடப் போடாமல் வாசலுக்கு ஓடி வண்டிக்காகக் கத்தினான். தெருவுக்கென்று இருந்த ஒரே கார் பெட்ரோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டு வந்த ஒமைரா பிள்ளையைப் பார்த்தாள், திரும்பி ஓடினாள், கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு வந்தாள்.

"அக்கா, அதைக் கீழ வை."

"ஒரு சொட்டு போதும்டி. ஞானஸ்நானப் பேரில்லாம போயிடக் கூடாது—"

"அவ எங்கயும் போகல!"

நெய்லி தட்டிய வேகத்தில் டம்ளர் படியில் விழுந்து நொறுங்கியது. ரிக்சியோ பிள்ளையை வாங்கிக்கொண்டு வெறுங்காலோடு அந்தச் சில்லுகளின் மேலேயே ஓடினான். அவன் ஓடிய வழியெல்லாம் சிவப்புத் தடம். நெய்லி அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினாள்.

டாக்டர் ப்ரிசேனோ கேள்வி கேட்கவில்லை. தொடையில் ஊசியைச் செருகினார். ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையின் மார்பையே பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரமென்று நெய்லிக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் விசில் நின்றது. பிறகு டாலியா அழுதாள். உருப்படியான, கோபமான அழுகை. நெய்லி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அதுதான் கடைசி ஊசி. இன்னொரு தடவை இப்படி வந்தா எங்கிட்ட ஒண்ணும் இல்ல. புரியுதா? என்ன கொடுத்த?" என்றார் டாக்டர்.

"நீங்க சொன்ன டப்பாப் பால்தான் டாக்டர். வேற ஒண்ணும் வாயில வைக்கல. சத்தியமா."

"அது கசக்குமே. குடிக்கிறாளா?"

"முதல்ல துப்பினா. இப்பல்லாம் நல்லா குடிக்கிறா. ஆசையா..."

அந்தச் சொல் நெய்லியின் வாயிலேயே நின்றது. ஆசையாக. அடி தட்டாத கரண்டி. அவள் மெல்லத் திரும்பினாள்.

ரிக்சியோ சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ரத்தம் கசியும் காலைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கையையும் விரித்து, அவை யாருடையவை என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரிக்சியோ."

"கொஞ்சம்தான்" என்றான்.

"என்ன கொஞ்சம்தான்?"

"அரசாங்கப் பெட்டியில வந்த பவுடர். டப்பா பாதிக்குக் கீழ போயிடுச்சு கண்ணு. அடுத்த டப்பாவுக்குக் கொடுக்க என்கிட்ட ஒண்ணுமே இல்ல. டப்பாவைத் திருப்பிப் படிச்சேன். பசும்பால்லேர்ந்து செஞ்சதுன்னு அதுலயே போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதான், கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தா பழகிடும்னு நினைச்சேன். அவளும் துப்பாம குடிச்சா. நீ... நீ மெழுகுவத்தி ஏத்தின."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "குறையக் குறைய சேர்த்தியா?" என்று மட்டும் கேட்டார். அவன் தலையாட்டினான். "அப்ப ஒவ்வொரு நாளும் விஷம் கூடிக்கிட்டே போயிருக்கு. அந்த டப்பாவுல இனி ஒரு சிட்டிகைகூட இவளுக்கு ஆகாது. மொத்தமும் போச்சு. வேற கிடைக்கிற வரைக்கும் அரிசிக் கஞ்சித் தண்ணி கொடுங்க. ரெண்டு மூணு நாள் தாங்குவா." அதற்குமேல் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது ரிக்சியோவின் காலில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து தெருப் புழுதியில் இழுபட்டுக்கொண்டே வந்தது. நெய்லி அவனைத் திட்ட வேண்டும் என்று வார்த்தை தேடினாள். ஒவ்வொரு புட்டியையும் குழந்தையின் வாயில் வைத்தது தன் கை என்பதுதான் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நின்றது. துப்பத் தெரிந்த பிள்ளை முதலில் சரியாகத்தான் துப்பியது. அது துப்பாமல் போனதற்கு மெழுகுவத்தி ஏற்றிய பைத்தியம் யார்?

அவள் டாலியாவைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தபோது ரிக்சியோ ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தான். மேஜையில் ஒரு வெள்ளைத் தலையணை உறையை விரித்து, டப்பாவை அதில் கவிழ்த்திருந்தான். சமையல் கத்தியின் நுனியால் பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளிக்கொண்டிருந்தான். மூச்சுக்கூட மெதுவாக விட்டான், பறந்துவிடாமலிருக்க.

"என்ன பண்ற?"

"மைக்காவ் பவுடர் கொஞ்சம் மஞ்சள். பெட்டிப் பவுடர் வெள்ளை. உத்துப் பார்த்தா தெரியுது. இந்தா, இது மஞ்சள். இதுவும்... இது மஞ்சள்தான். பிரிச்சிடலாம் கண்ணு. நேரம் ஆகும், ஆனா பிரிச்சிடலாம்."

காற்றில்லாமல் புழுங்கிய அந்த அறையில் அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி, அவன் ஒதுக்கி வைத்த சின்னக் குவியலிலேயே விழுந்து கட்டியாயிற்று. அவன் அந்தக் கட்டியைக் கத்தியால் எடுத்து வீசினான். மறுபடி குனிந்தான்.

இத்தனை வருஷம் இந்த வீட்டுக்குச் சோறு போட்ட கை அது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் போலவும் இருந்தது, கத்தியைப் பிடுங்கி அதன் மேலேயே குத்த வேண்டும் போலவும் இருந்தது.

"விடு ரிக்சியோ."

"இல்ல, வித்தியாசம் தெரியுது, நீ பாரு—"

"எனக்குத் தெரியல. உனக்கும் தெரியல."

அவன் கத்தியை வைத்தான். மேஜை மேலேயே தலை சாய்த்தான். எழுந்தபோது கன்னமெல்லாம் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

நெய்லி உறையின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து ஒமைராவிடம் கொடுத்தாள். அந்தத் தெருவில் எதையும் சாக்கடையில் கொட்டுவதில்லை. ஒமைரா பெரிய பானையில் கரைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். டம்ளரும் கிண்ணமுமாய் வந்து நின்றன. "ச்சீ, ஒமைரா அத்தை, கசக்குது" என்று ஒன்று முகம் சுளித்தது. "கசந்தாதான் வளருவ, குடிடா குரங்கே." மற்றதெல்லாம் குடித்துவிட்டு மேலுதட்டை நக்கின. நெய்லி கதவோரம் நின்று பார்த்தாள். ஒன்றுக்குக்கூட உதடு வீங்கவில்லை.

வீட்டுக்குள்ளே ரிக்சியோ தங்கள் ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் போட்டிருந்தான். கருவி எதுவும் இல்லாததால் அதே சமையல் கத்தியால் திருகித் திருகி மோட்டாரைக் கழற்றினான். கை இரண்டு இடத்தில் கிழிந்தது. மைக்காவில் விற்க மோட்டாரைச் சாக்கில் கட்டினான். எண்ணெய்ச் சந்தைப் பக்கமிருந்து சாயங்காலம் ஒரு லாரி எல்லைக்குக் கிளம்பும்.

போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவினான். நகத்துக்குள் குச்சி விட்டுச் சுரண்டினான். மறுபடி கழுவினான். தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். நெய்லி பிள்ளையைத் தூக்கி நீட்டவில்லை. அவனும் கேட்கவில்லை.

"டப்பா கிடைச்சா மூடியைத் திறக்காம கொண்டா" என்றாள் நெய்லி.

"சரி."

"நான்தான் திறப்பேன். அதுக்கப்புறமும் நான் மட்டும்தான்."

"சரி" என்றான். வாசலில் நின்று, "கிடைக்கலன்னா..." என்று ஆரம்பித்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமலேயே நொண்டிக்கொண்டு போனான். சாக்கு அவன் முதுகில் ஒரு பக்கமாய் இழுத்தது.

அவன் தலை மறைந்ததும் ஒமைரா வந்தாள். கையில் தண்ணீர். "இந்தத் தடவை பிளாஸ்டிக் கப்பு. உடைச்சுப் பாரு, பார்ப்போம்" என்றாள். சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். "ஊத்திடலாமாடி?"

நெய்லி தொட்டிலைப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, பிள்ளை முகம் ஒரேயடியாய்ச் சுருங்கிப்போயிருந்தது.

"அவன் வரட்டும் அக்கா. அவன் கையில வச்சுக்கிட்டுதான் ஊத்தணும்."

"அவன் கையிலயா? அந்தக் கையிலயா?"

"அந்தக் கையிலதான்."

"அதுக்குள்ள—" ஒமைரா நிறுத்திக்கொண்டாள். கப்பை மாதா படத்தடியில், கரைந்துபோன மெழுகுவத்தியின் வட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு சின்னத் தட்டால் மூடிவிட்டுப் போனாள்.

டாலியா பசியில் விழித்தாள். நெய்லி கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை ஆவலாய்ப் பற்றி ஒரு வாய் இழுத்தது, நிறுத்தியது, துப்பியது. தலையை அங்கேயும் இங்கேயும் திருப்பித் தேடியது. எதைத் தேடுகிறது என்று நெய்லிக்குத் தெரிந்தது. அந்த ருசியான பாலை.

மறுபடி கொடுத்தாள். மறுபடி துப்பியது. அழுகை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் என்ன செய்கிறோமென்று யோசிக்காமல் சட்டைப் பொத்தானை அவிழ்த்து, மாதக்கணக்கில் வற்றிக் கிடக்கும் மார்பைப் பிள்ளையின் வாயில் வைத்தாள். டாலியா கவ்விக்கொண்டாள். ஈறால் இழுத்த இழுப்பில் நெய்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறெதுவும் வரவில்லை. பிள்ளை விடவில்லை, இழுத்தது, மூச்சு வாங்கியது, மறுபடி இழுத்தது.

தெருவில், "வந்துடுச்சு! கரண்ட் வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் கைதட்டின. சமையலறையில் கதவு திறந்து சாய்ந்து கிடந்த ஃப்ரிட்ஜில், சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.